நாலாவது மூடி

பாபநாசத்துக்குத் தெற்கே மூன்று வாய்க்காலும் ஒரே ராத்திரியில் உடைத்துக்கொண்ட அந்த ஊரில், தண்ணீருக்கு மேலே தலைகாட்டியது களத்துமேடு ஒன்றுதான். கடற்படை ஹெலிகாப்டர் இறங்கினால் அங்கேதான் இறங்க வேண்டும். மேலிருந்து எட்டிப் பார்த்த ஜாஃபர் சாதிக் தலையில் அடித்துக்கொண்டான். குறுவை வைக்கோல், தார்ப்பாய், கொடியில் சேலை, நாலு ஆடு, ஊர் சனம் முக்கால்வாசியும் அந்த மேட்டில்தான் இருந்தது. இறக்கையின் காற்றில் ஒரு சேலை பறந்து மேலே சிக்கினால் போதும், எல்லோருக்கும் அன்றைக்கே பாத்திஹா ஓதிவிடலாம்.

தரையைத் தொடும் உயரத்தில் அவன் முதலில் குதித்தான். "வைக்கோலை ஓரங்கட்டுங்க! சேலையை அவுங்க! வாலு பக்கம் ஒருத்தரும் போகக்கூடாது, தலை போயிடும்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். கடற்படையில் பன்னிரண்டு வருடமாக விமான மெக்கானிக். ஊர் பக்கத்து ராஜகிரி. அண்ணன்மார் மூன்று பேரும் வளைகுடாவில். இவனுக்கும் ஷார்ஜாவில் ஒரு விமானப் பட்டறையில் வேலை சொல்லியாகிவிட்டது. கடற்படை கொடுக்கிற சான்றிதழில் ஒரு கறை இல்லாமல் இருந்தால் தை மாதம் விமானம் ஏறிவிடலாம். பெண்டாட்டி நுஸைபா பெட்டிகூட வாங்கி வைத்துவிட்டாள்.

அவன் சொன்னதை ஊரில் ஒரே ஒரு ஆள்தான் காதில் வாங்கினார். மருதையன். ஐம்பது வயதிருக்கும். மழைக்குச் சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் மாட்டியிருந்தார். கையில் இருந்த கம்பை ஒரு சுழற்று சுழற்றியதில் சனம் பத்தடி பின்னால் போனது.

"நான் பாத்துக்கறேன் தம்பி. நம்ம பம்புசெட்டு இஞ்சின் மாதிரி பாத்துக்கறேன்" என்றார்.

"துரும்பு பறக்கக்கூடாதுண்ணே."

"பறந்தா என் பேரை மாத்திக் கூப்புடுங்க."

உணவுப் பொட்டலங்களை இறக்கி முடிப்பதற்குள் வானம் பொத்துக்கொண்டது. எதிரே நிற்கிற தென்னைமரம்கூடத் தெரியவில்லை. பைலட் விஸ்வா எஞ்சினை அணைத்துவிட்டார். அவருடைய தாத்தாவுக்கு இந்தப் பக்கம் நிலம் இருந்ததாம். ஆனால் விஸ்வா பிறந்து வளர்ந்ததெல்லாம் சென்னை அண்ணாநகர். "மழை விட்டதும் கிளம்பிடலாம்" என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

அணைத்த எஞ்சினுக்கு மூடி போட வேண்டும். சிவப்புத் துணி மூடிகள் நான்கு, ஒவ்வொன்றிலும் நீளமாக ஒரு சிவப்பு நாடா. காற்றை இழுக்கிற வாய்களுக்கு இரண்டு, மூக்குக் குழாய்க்கு ஒன்று, பின்னால் புகைக்குழாய்க்கு ஒன்று. மூன்றை ஜாஃபர் போட்டுவிட்டான். நாலாவதைப் போட முடியவில்லை. குழாய் கொதித்துக்கொண்டிருந்தது, துணி பொசுங்கிவிடும். ஆறட்டும், அரைமணி கழித்துப் போடலாம் என்று நாலாவது மூடியைப் பையிலேயே வைத்தான். அதற்குள் வாய்க்கால் பக்கம் ஒரே கூச்சல். கூரை சரிந்து இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள். கழுத்தளவு தண்ணீரில் இறங்கியவன் திரும்பி வர ஒரு மணிக்கு மேல் ஆகிவிட்டது. நாலாவது மூடி அவன் நினைப்பிலேயே இல்லை.

வந்தவனுக்கு மூச்சுவிடக்கூட நேரமில்லை. கிழக்கேயிருந்து வாழைமரத் தெப்பம் ஒன்று வந்தது. கிராம நர்ஸ் கமலாம்பாள் அதில் மண்டியிட்டிருந்தாள். அவள் மடியில் நிறைமாதப் பெண் ஒருத்தி சுருண்டு கிடந்தாள். இடுப்பளவு தண்ணீரில் தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு வந்தவர் மருதையன். அவருடைய ஒரே மகள் கனகவல்லி அவள். புருஷன் மஸ்கட்டில் கட்டட வேலை. செல்போன் டவர் விழுந்துவிட்டதால் அவனுக்கு ஒரு தகவல்கூடச் சொல்ல வழியில்லை.

"குழந்தை குறுக்க கெடக்கு சார். உதிரம் நிக்கல" என்றாள் கமலாம்பாள் விஸ்வாவிடம். "ஒரு மணி நேரத்துல தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போயாகணும். இல்லேன்னா தாயும் இல்ல, புள்ளையும் இல்ல."

மழை தூறலாகியிருந்தது. ஆனால் கிழக்கே வானம் மையாகக் கறுத்து அடுத்த கனமழை வந்துகொண்டிருந்தது. "பதினஞ்சு நிமிஷம்தான் இருக்கு ஜாஃபர். அதுக்குள்ள தூக்கலேன்னா அப்புறம் முடியாது" என்றார் விஸ்வா. கமலாம்பாள் முதலில் ஏறிக்கொள்ள, கனகவல்லியைத் தூக்கி உள்ளே கிடத்தினார்கள். அவள் போட்ட அலறலில் ஆடுகள் மிரண்டு ஓடின.

ஜாஃபர் மூடிகளை உருவினான். மூன்றும் பைக்குள் போயின. பையில் எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எண்ணிக்கை சரி. எண்ணிய பிறகு பின்படியில் ஏறி, டார்ச் அடித்துப் புகைக்குழாய்க்குள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது விதி. பன்னிரண்டு வருடமும் பார்த்தவன்தான். போடாத மூடியைப் போய் என்னத்தைப் பார்ப்பது என்று அன்றைக்கு ஒரு நினைப்பு. அவசரம் வந்தால் மனுஷ புத்தி அப்படித்தான் வக்கீல் வேலை பார்க்கும். ஓடிப் போய் ஹெலிகாப்டருக்கு முன்னால் நின்றான்.

கண்ணாடிக்குப் பின்னால் விஸ்வா ஒரு விரலை உயர்த்தினார், கிளப்பலாமா என்று. ஜாஃபர் இடமும் வலமும் பார்த்தான். வைக்கோல் இல்லை. சேலை இல்லை. வால் பக்கம் ஆள் இல்லை. வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினான். விரலைச் சுழற்ற வேண்டியதுதான் பாக்கி.

கூட்டத்துக்கு முன்னால் மருதையன் கைகூப்பி நின்றிருந்தார். தூறல் அவர் வழுக்கைத் தலையில் பட்டு முகத்தில் வழிந்தது. ஜாஃபரின் கண் அங்கே நின்றது. இந்த மனுஷன் தலையில் ஒரு சாக்கு இருந்ததே?

வெள்ளத்தோடு போயிருக்கும். எங்கேயாவது விழுந்திருக்கும். சாக்குக்கா இப்போது பஞ்சம்! விரலைச் சுழற்றப் போனவன் அவருக்குப் பின்னால் பார்த்தான். களத்து ஓரத்தில் பாதி முழுகிய பம்புசெட்டு. அதன் புகைக்குழாய் வாயில் ஒரு கொட்டாங்கச்சியை யாரோ கவிழ்த்து வைத்திருந்தார்கள். இந்தப் பக்கத்தில் இஞ்சினை நிறுத்தினால் முதல் வேலை அதுதான். கொட்டாங்கச்சி கிடைக்காவிட்டால் தகரடப்பா. அதுவும் இல்லாவிட்டால் சாக்கு. மழைத்தண்ணீர் உள்ளே இறங்கினால் இஞ்சின் போச்சு. ராஜகிரியில் வளர்ந்த பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா?

யா அல்லாஹ்! மூடி போடாத புகைக்குழாய்! தூக்கிய கையை இறக்கி, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே வைத்தான். நிறுத்து.

விஸ்வா கதவைத் திறந்துகொண்டு கத்தினார். "என்னய்யா பண்றே? மழை வந்துட்டிருக்கு!"

"ஒரு நிமிஷம் சார்!"

"அந்தப் பொண்ணுக்கு ஒரு நிமிஷம் இல்லய்யா!"

கூட்டம் பொங்கிவிட்டது. ஒருவன் கம்பை எடுத்துக்கொண்டே வந்தான். மருதையன் எல்லோரையும் தள்ளிவிட்டு ஓடிவந்து ஜாஃபரின் காலைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, கிளப்பச் சொல்லுங்க தம்பி. தாயில்லாம வளந்த புள்ள. எனக்கு அது ஒண்ணுதான்."

ஜாஃபர் குனிந்து அவர் தோளைப் பிடித்தான். "அண்ணே, உங்க சாக்கு எங்க?"

"சாக்கா? எம் பொண்ணு சாகக் கெடக்கு, சாக்கு கேக்கறீங்களே!"

"தலையில போட்டிருந்தீங்களே, அது எங்கண்ணே?"

பிடித்திருந்த கால் மருதையன் கையிலிருந்து நழுவியது. "குழாயில தண்ணி எறங்குச்சே தம்பி..." என்றார். "நீங்க எல்லாத்துக்கும் செவப்புத் துணி போட்டுட்டு அதை மட்டும் விட்டுட்டீங்களேன்னு... சூடு ஆறினதும் சாக்குக்குள்ள வைக்கோலை வச்சு... காத்துல பறக்கக்கூடாதுன்னு உள்ளாறத் தள்ளி..."

அவர் முடிப்பதற்குள் ஜாஃபர் பின்படியில் ஏறிவிட்டான். டார்ச் அடித்தான். குழாய்க்குள் முழங்கை ஆழத்தில், ஈரமாக, கச்சிதமாக, ஆசையோடு அடைத்த ஒரு சாக்குப்பந்து. எஞ்சின் கிளம்பியிருந்தால் அனல் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே வெந்திருக்கும். வைக்கோல் பற்றியிருக்கும். அதற்கு அடியில்தான் கனகவல்லி படுத்திருந்தாள்.

சாக்கை உருவிக் கீழே போட்டான். விஸ்வா அதைப் பார்த்தார். "சரி, எடுத்தாச்சில்ல? வா, கிளம்பலாம்" என்றார்.

"இன்னும் இல்ல சார். துரும்பு கெடக்குது."

மழையின் இரைச்சல் கிழக்கே கேட்க ஆரம்பித்துவிட்டது. உள்ளே கனகவல்லியின் அலறல் முனகலாகிவிட்டது. அலறலைவிட அந்த முனகல்தான் ஜாஃபரைக் கொன்றது. ஆனாலும் ஒவ்வொரு துரும்பாகப் பொறுக்கினான். தோள்வரை கையை விட்டுத் துடைத்தான். எஞ்சினைச் சுற்றி முழுக்கப் பார்த்தான். மறுபடி டார்ச் அடித்தான். குழாய் வெறுமையாக இருந்தது. மூன்று நிமிடம்தான் ஆனது. அவனுக்கு மூன்று வயது கூடிவிட்டது.

"பெரியவரே, ஏறுங்க" என்றார் விஸ்வா.

மருதையன் பின்னால் நகர்ந்தார். "வேணாம் சார். என் கை இனிமே இது மேல படக்கூடாது." எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. ஹெலிகாப்டர் திரும்பி வரும்போது களத்தைப் பார்த்துக்கொள்ள ஜாஃபரும் கீழேயே நின்றுவிட்டான். விரலைச் சுழற்றினான். ஹெலிகாப்டர் எழும்பி, கறுப்பு மழைக்கு முன்னால் மேற்கே ஓடியது.

அதன்பிறகு ஒன்றரை மணி நேரம். இருவரும் மழையில் நின்றார்கள். ஜாஃபர் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தான். மருதையன் அந்தச் சாக்கைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார், தலையில் போட்டுக்கொள்ளவே இல்லை.

பொழுது சாய்வதற்குள் ஹெலிகாப்டர் திரும்பி வந்தது. விஸ்வா இறங்கி நேராக மருதையனிடம் போனார். "பொண்ணு பொறந்திருக்குங்க. அறுத்துதான் எடுத்தாங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." மருதையன் சேற்றிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். பத்து நிமிடம் அவரை யாராலும் எழுப்ப முடியவில்லை.

ஜாஃபர் ஹெலிகாப்டரின் பதிவுப் புத்தகத்தை எடுத்து நடந்ததை எழுத ஆரம்பித்தான். விஸ்வா அருகில் வந்து தணிந்த குரலில் சொன்னார்: "நமக்குள்ள இருக்கட்டும் ஜாஃபர். ஷார்ஜாக்காரன் முதல்ல இதைத்தான் கேப்பான். என்ன நடந்துடுச்சு இப்போ?"

"நடக்க இருந்துச்சே சார்."

மருதையன் காதில் அது விழுந்துவிட்டது. எழுந்து வந்தார். "தம்பி, தப்பு என்னுது. என் பேரைப் போடுங்க. மருதையன், தகப்பனார் பேரு துரைராசு."

"உங்க பேரு வராதுண்ணே" என்றான் ஜாஃபர். "நீங்க உங்க வழக்கப்படி செஞ்சீங்க. ஏறிப் பார்க்க வேண்டியவன் நான். பார்க்கல." எழுதியதற்குக் கீழே தன் பெயரையும் பணி எண்ணையும் போட்டு, விஸ்வாவிடம் நீட்டினான். அவர் அவனை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ராத்திரி அங்கேயேதான் தங்க வேண்டும். ஜாஃபர் மூன்று மூடிகளையும் போட்டுவிட்டுப் புகைக்குழாயைத் தொட்டுப் பார்த்தான். இன்னும் சுட்டது. இந்தத் தடவை நகரவில்லை. நாலாவது மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, குழாய் ஆறும்வரை மழையில் அங்கேயே நின்றான். மருதையன் அந்தச் சாக்கை உதறி, மடித்து, அவன் தலையில் கொங்காணியாகப் போட்டுவிட்டார்.