அலமாரி முன்னால் நின்றவர்கள்

அந்த வீட்டுக்கு முதலில் வந்தவர்கள் மூன்று பேர். படுக்கையறையில், துணி அலமாரிக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். ஒருவர் கையில் குடை. ஒரு பெண் கட்டுக் கட்டாகக் காகிதத்தை மார்போடு அணைத்திருந்தாள். இதையெல்லாம் பார்த்தது லிப்ட்காரர் மட்டும்தான். ஆட்கள் நிற்பதாக அவர் சொன்னதும், அவர் மனைவி ஈரத்துணியை உதறிக்கொண்டே எட்டிப் பார்த்தபோது அங்கே ஈ காக்கை இல்லை.

"யாருங்க நிக்கிறாங்க?"

"மேல போகணுமாம். பாவம், ரொம்ப நேரமா காத்திருக்காங்க."

அவர் எழுந்து போய் அலமாரிக் கதவைத் திறந்தார். உடம்பை ஒதுக்கி வழிவிட்டு, "எந்த மாடி சார்?" என்று மரியாதையாகக் கேட்டார். எல்லாரும் ஏறியதும் கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாக வந்து உட்கார்ந்தார்.

பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் ஓய்வு பெறும்வரை லிப்ட் ஓட்டிய மனிதர். முதலாளியானாலும் கூட்டுகிறவளானாலும் அவருக்கு எல்லாரும் 'சார்', 'அம்மா'தான். தன் லிப்டில் ஒருத்தரும் மாட்டிக்கொண்டு தவித்ததில்லை என்பதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப் போயிருந்தது.

கைநடுக்கம் வந்த பிறகு அவருடைய சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிட வேண்டியிருந்தது. பிறகு கால் தரையில் ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிடும். அடுத்த அடி வராது. நரம்பு டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மாத்திரையைச் சும்மா சொல்லக் கூடாது, மனிதரைத் திருப்பிக் கொடுத்தது. தன் பொத்தானைத் தானே போட்டுக்கொண்ட அன்று கண்ணாடி முன்னால் புது மாப்பிள்ளை மாதிரி நின்றார். அவள் கேலி செய்துகொண்டே சமையலறைக்குள் போய் அழுதாள்.

அளவைக் கூட்டியபோது டாக்டரம்மா ஒன்று சொல்லியிருந்தார். "சில பேருக்கு இல்லாத ஆளுங்க தெரிவாங்க. அப்படி ஏதாவது தெரிஞ்சா உடனே எனக்குப் போன் பண்ணுங்க. நீங்களா எதையும் செய்யாதீங்க."

அவள் போன் செய்யவில்லை. சொன்னால் மாத்திரையைக் குறைப்பார்கள். குறைத்தால் கை மறுபடி ஆடும். அதுதான் அவள் போட்ட கணக்கு. வந்தவர்களும் சாதுவான கூட்டம். சோறு கேட்கவில்லை, சத்தம் போடவில்லை, அலமாரிக்குள் ஏறினார்கள், போனார்கள். "உங்க ஆளுங்க செருப்பையாவது வெளிய விடச் சொல்லுங்க, இப்பத்தான் துடைச்சேன்," என்று அவளே கிண்டல் செய்வாள். அவரும் சிரிப்பார். ஒரு கண்ணால் பார்த்தால் அவர்கள் இருப்பதும், இன்னொரு கண்ணால் பார்த்தால் இல்லாததும் அவருக்கே தெரிந்துதான் இருந்தது. நாளாக ஆக, அந்த இன்னொரு கண் மங்கிக்கொண்டே வந்ததை அவள் கவனிக்கவில்லை.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மேல் வீட்டில் பேங்க்கில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, புருஷன் இல்லாமல் தனியாக ஒரு பெண் குழந்தையை வளர்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகும்போது குழந்தையை இங்கே விட்டுவிட்டுப் போவாள். ஊருக்குத்தான் அது குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை. லிப்ட்காரர் மனைவிக்கோ அந்தக் குட்டி இல்லாமல் பொழுது விடியாது. காலையில் மாடிப்படியில் சின்னக் கால் சத்தம் கேட்டால்தான் அவளுக்கு மூச்சே வரும்.

ஒரு நாள் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள். இறங்கி வரும்போது அழுகை கேட்டது. அடைத்த இடத்திலிருந்து வரும் அழுகை. வீட்டுக்குள் ஓடினாள். லிப்ட்காரர் அலமாரிக்குப் பக்கத்தில் நேராக நின்றுகொண்டிருந்தார். வெளித்தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"பாப்பா அவங்க அம்மாகிட்ட போகணும்னு அழுதுச்சு. மேலதானே வீடு? ஏத்தி விட்டேன். இதோ, போய்ச் சேர்ந்துடும்."

கதவைத் திறந்தாள். தொங்கிய சேலைகளுக்கு நடுவே குழந்தை முகமெல்லாம் வீங்கி, தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கிடக்க, அழக்கூடச் சக்தி இல்லாமல் விக்கிக்கொண்டிருந்தது. வாரி எடுத்துத் திரும்பினாள். வாசலில் பேங்க்காரி நின்றாள். அன்று அவளுக்கு அரை நாள் வேலை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு, "அக்கா, உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா அவர் இருக்கிற வீட்ல என் பொண்ணை விட மாட்டேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.

சாயந்திரம் லிப்ட்காரருக்குத் தெளிந்தது. "குட்டி எங்க?" என்று கேட்டார். மறைக்கலாம் என்று அவள் நினைத்தாள். மறைக்க வாய் வரவில்லை. சொன்னாள். அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நானா பூட்டினேன்?"

"உங்களுக்குத் தெரிஞ்சா செஞ்சீங்க? எல்லாம் அந்த மாத்திரை."

அடுத்த வேளை மாத்திரையோடு தண்ணீர் கொண்டுபோனபோது அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"வேணாம்மா. ஒரு குழந்தைய உள்ள வச்சுப் பூட்டின கை ஆடினா ஆடட்டும். போதும்."

கெஞ்சியிருக்கலாம். டாக்டரம்மாவுக்குப் போன் செய்திருக்கலாம். நம்பர் போனிலேயே இருந்தது. ஆனால் போன் செய்தால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். குழந்தையை அடைத்த கதையையும் சொல்லியாக வேண்டும். எப்படியும் அடுத்த வாரம் போய்ப் பார்க்கத்தானே போகிறோம், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். எதிலும் அவள் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. மாத்திரை அட்டைகளை எல்லாம் அள்ளிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, பெரிய காரியத்தை முடித்தவள் போலக் கையைக் கழுவினாள். அந்த ஆட்கள் ஒழிந்தால் குட்டி திரும்பி வரும். அதுதான் அவள் மனதில் முன்னால் நின்றது. அவருடைய கை அதற்குப் பின்னால்தான் நின்றது.

அவள் நினைத்தபடியே நடந்தது. மறுநாள் குடைக்காரர் மட்டும் வந்தார். அதற்கு அடுத்த நாள் யாருமே இல்லை. "எல்லாரும் போயிட்டாங்க போல," என்று அவர் மெல்லச் சொன்னபோது அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஓட்டமாக மேலே போய்ப் பேங்க்காரியிடம் சொன்னாள். "ரெண்டு நாள் போகட்டும் அக்கா, பாக்கலாம்," என்றாள் அவள். அந்த வார்த்தை அவளுக்குப் போதுமாக இருந்தது.

அவர் குரல் ஏன் அவ்வளவு மெல்லியதாகிவிட்டது என்று அவள் யோசிக்கவே இல்லை.

கை ஆடியது. பிறகு ஆடுவதும் நின்று, உடம்பு இறுக ஆரம்பித்தது. முழங்கை மடங்கவில்லை. தாடை திறக்கவில்லை; கஞ்சியை உதட்டோரமாக விட்டுத் துடைத்தாள். மாத்திரையை விட்டால் பழைய வியாதி தலைகாட்டத்தானே செய்யும், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தால் டாக்டரம்மா வேறு மருந்து தருவார் என்று இருந்தாள். அப்புறம் காய்ச்சல் வந்தது. தெருவில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். இவருக்கும் ஒட்டிக்கொண்டது என்றே நினைத்தாள். காய்ச்சல் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தாள், நெற்றியில் ஈரத்துணி போட்டாள். போட்ட துணி போட்டபடி காய்ந்தது. வேர்வையில் பனியன் பிழியும்படி நனைந்தது. "என்னங்க" என்று உலுக்கினாள். கண் திறந்தே இருந்தது. அதில் அவளைத் தெரிந்த அடையாளம் எதுவும் இல்லை.

ஆம்புலன்ஸ்காரர்கள் அவரைப் படுக்க வைக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த வாக்கிலேயே தூக்கிக்கொண்டு போனார்கள்.

அவசர சிகிச்சை அறையில், "என்ன மருந்து சாப்பிடுறார்?" என்று கேட்டார்கள்.

"ஒண்ணும் இல்லைங்க. எல்லாத்தையும் நிறுத்தியாச்சு," என்றாள். அதைச் சொன்னபோதுகூட அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

நரம்பு டாக்டரம்மா வேகமாக வந்தார். "யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?"

அவள் நடந்ததைச் சொன்னாள். ஆட்கள் வந்ததை, குழந்தையை, அவர் வாயை மூடிக்கொண்டதை.

"அம்மா, இந்த மாத்திரையத் திடீர்னு விடவே கூடாது. விட்டா உடம்பு கட்டையாயிடும், காய்ச்சல் ஏறும், தசை கரைஞ்சு போய்க் கிட்னியை அடைக்கும். இப்ப அதுதான் நடக்குது. ஆளுங்க தெரியுறாங்கன்னு ஒரு போன் பண்ணியிருந்தா நான் கொஞ்சங் கொஞ்சமா குறைச்சிருப்பேன். கையும் நின்னிருக்கும், ஆளுங்களும் போயிருப்பாங்க. நிறைய பேருக்கு அப்படித்தான் சரி பண்றோம்."

"அவ்வளவுதானா?" என்றாள் அவள்.

"அவ்வளவுதாம்மா."

மூக்கு வழியாகக் குழாய் விட்டு, அவள் குப்பையில் போட்ட அதே மாத்திரையைக் கரைத்து ஊற்றினார்கள். உடம்பு கொஞ்சம் தளர்ந்தது. விரல்கள் அவள் கைக்குள் நெகிழ்ந்தபோது பிழைத்துவிட்டார் என்றே நம்பினாள். ஆனால் கிட்னி திரும்பவில்லை. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு சேர்த்துக் கட்டிப்போட்டார்கள். அதில் இருக்கும்போதே, ஒரு பகல் வேளையில், அவர் போய்விட்டார். அவள் அப்போது வெளியே வரிசையில் நின்று தேநீர் வாங்கிக்கொண்டிருந்தாள்.

காரியங்கள் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, பேங்க்காரி குழந்தையோடு இறங்கி வந்தாள். வாசலில் நின்று அழுதாள். பொய் அழுகை இல்லை, அவளும் நல்லவள்தான். குட்டி அவள் கையை உதறிக்கொண்டு உள்ளே ஓடப் பார்த்தது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. எனக்கு லீவே இல்ல. வேற யார்கிட்டயும் இது இருக்க மாட்டேங்குது." அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "இப்பதான்... பயம் இல்லையே. நாளையிலிருந்து கொண்டுவந்து விடட்டுமா?"

குட்டி இரண்டு கையையும் அவளை நோக்கி நீட்டியது. நெஞ்சு வலிக்கும் அளவுக்கு அதைத் தூக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"வேணாம்மா. வேற இடம் பாரு. அவரையும் டாக்டரம்மா என்னை நம்பித்தான் விட்டிருந்தாங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.