சோதனைக்குக் கேட்ட கோழி

சௌந்திரத்துக்கு வேண்டியதெல்லாம் இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு சீக்குக் கோழி. நாமக்கல்லில், அதுவும் எண்பத்தாறாம் வருஷ மழைக்காலத்தில், அதற்கா பஞ்சம் என்பீர்கள். பஞ்சம்தான். பண்ணைக்காரர்கள் செத்த கோழியைத்தான் அவள் வேலை பார்க்கும் கால்நடை ஆய்வுக்கூடத்துக்குச் சாக்கில் தூக்கி வருவார்கள், அதுவும் நாற்றமெடுத்த பிறகு.

கோழிக் காலராக் கிருமிக்கு வெளிச்சவ்வு ஒன்று உண்டு. அதில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதம் ஏதோ ஒன்றுதான் கோழியின் தொண்டை அணுக்களைப் பற்றிக்கொள்கிறது, அந்தப் பிடி இல்லையென்றால் கிருமி சளியோடு அடித்துக்கொண்டு போய்விடும் என்பது அவள் கட்சி. நிரூபித்தால் முனைவர் பட்டம். ஆனால் கண்ணாடித் தட்டில் ஊட்டி ஊட்டி வளர்த்த கிருமிகள் சொகுசு கண்டு, பற்றும் பழக்கத்தையே விட்டுவிட்டன. தொண்டை அணுக்களோடு கலந்து, கழுவி, நுண்ணோக்கியில் பார்த்தால் ஒன்றுகூட ஒட்டியிருக்காது. நோயுள்ள கோழியிலிருந்து புதுக் கிருமி எடுத்தாக வேண்டும். மாசக் கடைசிக்குள் முடிவு காட்டாவிட்டால் தலைப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாகச் சென்னைப் பேராசிரியர் சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் சொல்லிப் புலம்பவும் ஆளில்லை. வாடகை அறையில் அவள் தன் குரலைக் கேட்க வேண்டுமென்றால் இருமத்தான் வேண்டும். மூன்று வருஷத் தனிமை அவளை அரித்துப் போட்டிருந்தது. உள்ளதைச் சொல்வதில் என்ன வெட்கம்?

இந்த நிலையில்தான் பண்ணைக்காரர் கந்தப்பன் வந்து நின்றார். “நேத்துலிருந்து நாலஞ்சு கோழி அலகுல சளி ஒழுகிட்டு நிக்குதுங்க, டாக்டரம்மா.”

சௌந்திரம் அவசரமாகச் சீட்டை இழுத்தாள். மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, “சோதனைக்கு ஒரு கோழி வேணுங்க. காலைல கொண்டாந்துருங்க. அப்பறமா மருந்து கலக்குங்க” என்றாள்.

கந்தப்பன் அவளை ஒரு கணம் பார்த்தார். “ஆகட்டுங்க” என்று சிரித்துக்கொண்டே போனார்.

மறுநாள் காலையில் ஒயர் கூடையோடு வந்தார். உள்ளே வாழையிலைப் பொட்டலம். பிரித்தாள். இறகு பிடுங்கி, நெருப்பில் வாட்டி, மஞ்சள் பூசிய கொழுத்த கோழி. தலையும் இல்லை, தொண்டையும் இல்லை.

“ஏனுங்க, நான் சீக்குக் கோழியத்தானுங்க கேட்டேன்?”

“அதையெல்லாம் நேத்தே குழி தோண்டிப் பொதச்சாச்சுங்க. மத்ததுக்கு மருந்தும் கலக்கிட்டேன். இது தனிக் கொட்டாயில நின்ன நல்ல கோழிங்க” என்றார் பெருமையாக. “சோதனைக்குன்னு ஆபீசருங்க கோழி கேட்டா எதுக்குன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா? அவங்களுக்கெல்லாம் உயிரோட புடிச்சுக் குடுத்துருவேன். நீங்க ஒண்டியா இருக்கறீங்க, அறுக்கறது வாட்டறதுன்னு செரமப்படுவீங்கன்னு எம்பட ஊட்டுக்காரிதான் சுத்தம் பண்ணிக் குடுத்தா.”

பட்டம் கையைவிட்டுப் போயிற்று. வாய்விட்டுக் கத்தியிருக்கலாம். ஆனால் அவள் சாப்பிட்டாளா இல்லையா என்று இந்த ஊரில் யாராவது நினைத்தது இதுதான் முதல் தடவை. அவளால் முடியவில்லை.

“ஒரு கோழி பத்துங்களா? இன்னொண்ணு கொண்டாரட்டுங்களா?”

“போதுங்க” என்றாள்.

சாயங்காலம் அறைக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். அவளிடம் இருந்தது ஓர் ஆளுக்குச் சமைக்கும் சட்டி. அந்தக் கோழி அதில் பாதிகூட அடங்கவில்லை.