கைக்கு அடங்கிய மிஷின் வாள்

ராஜையனுக்கு எதுவானாலும் பெரிதாக இருக்க வேண்டும். கிழக்கேகோட்டையிலிருந்து வித்துரா வழியாகப் பொன்முடி மலைக்கு அரசு பஸ் ஓட்டியே ஆயுளில் பாதியைக் கழித்தவர். சைக்கிளைப் பார்த்தால்கூட, "இதெல்லாம் ஒரு வண்டியா" என்பார். ஓய்வு பெற்றபின் வித்துராவில் ரோட்டோரம் ஒரு வீடு, அதைச் சுற்றி விளை, அதாவது மரங்கள் அடர்ந்த தோட்டம். மனைவி சுசீலாபாயும் அவரும் மட்டுமே அங்கே. மகள் ஜெஸ்லின் கல்யாணமாகி மஸ்கட்டில் இருந்தாள்.

போன மழைக்காலத்தில் விளையில் பாசி வழுக்கி விழுந்து அவருக்கு வலது தோள் உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, கைதான் நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை. அதை அவர் சுசீலாபாயிடம் சொல்லவில்லை. சட்டை மாட்டும்போது அறைக்கதவைச் சாத்திக்கொள்வார். அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஏதாவது எடுக்கச் சொன்னால், அந்த நேரம் பார்த்து அவருக்கு வேறு வேலை ஞாபகம் வந்துவிடும். எலும்பு முறிவு ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற மனைவியை இப்படியே ஏமாற்றிக்கொண்டிருப்பதாக அவர் உறுதியாக நம்பினார்.

2006 ஜூலைக் காற்றில் அயனி மரத்தின் கிளை ஒன்று ஒடிந்து நடைபாதையை அடைத்து விழுந்தது. வேலியோரத்துச் சீமைக்கொன்றை வேறு ரோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மரம் வெட்டுகிறவர்கள் இந்தச் சில்லறை வேலைக்கெல்லாம் வருவதாயில்லை. ராஜையன் கோடாலியை எடுத்தார். கொஞ்ச நேரத்திலேயே மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இந்தக் காலத்துல யாரு கோடாலி பிடிக்கா? ஒரு மிஷின் வாள் வாங்கணும்."

"வாங்குவோம். நானும் வாறேன்" என்றாள் சுசீலாபாய்.

"நீ எதுக்கு?"

"சும்மாதான். சாலைக் கடைத்தெருவுக்குப் போயி நாளாச்சுல்லா."

கிழக்கேகோட்டையை அடுத்த அந்தச் சாலைக் கடைத்தெருவில் சொரிமுத்துவின் ஹார்டுவேர் கடை ராஜையனுக்குப் பழக்கம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் சொரிமுத்து. வந்தவர்களுக்கு ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிட்டு, மிஷின்களைப் பலகைமேல் கொண்டுவந்து வைத்தார். ராஜையனின் கண் நேராகப் பெரியதில் போய் நின்றது. முழங்கை நீளத்துக்கும் மேலே வாள், காட்டுப்பன்றி மாதிரி எஞ்சின்.

"இதாக்கும் மிஷின்!"

"அது காட்டுல மரம் வெட்டுத கூப்பு வேலைக்குள்ளது அண்ணாச்சி. பெரிய தேக்கு, ஈட்டி மரமெல்லாம் அறுக்கது. வீட்டு வேலைக்கு இந்தச் சின்னது போதும். கரண்டுல ஓடுததும் இருக்கு, எடை இன்னும் குறைச்சல். ஆனா ஒயரு விளைக் கடைசி வரைக்கும் எட்டணும், மழை ஈரத்துல அதை இழுத்துக்கிட்டு நடக்கப்படாது."

"சின்னதை வச்சு நான் என்ன, வெண்டைக்காயா நறுக்கப் போறேன்?" என்று சிரித்த ராஜையன், பெரிய மிஷினைத் தரையில் வைத்துக் காலால் மிதித்துக்கொண்டு, ஸ்டார்ட் பண்ணும் கயிற்றை இழுத்துப் பார்த்தார். கயிறு பாதி வந்தது. அதற்குமேல் தோள் வரவில்லை. உள்ளே யாரோ ஆணி அடித்ததுபோல் இருந்தது. கண்ணில் நீர் முட்டியதைக் காட்டாமலிருக்க, எஞ்சினில் ஒட்டியிருந்த சீட்டைக் குனிந்து படித்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் அவருக்குத் தெரிந்திருக்காது.

சுசீலாபாய் அவர் பக்கமே திரும்பவில்லை.

"அந்தச் சின்னதை இஞ்ச தாருங்க" என்றாள்.

"இருங்கக்கா. வெறும் மிஷினைத் தூக்கிப் பாத்துட்டு எல்லாரும் ஏமாந்து போறாவ. பெட்ரோலும் ஆயிலும் நிறைச்சுத் தாறேன், அப்பத்தான் நிசமான எடை தெரியும்."

நிறைத்துக் கொடுத்ததை அவள் வாங்கி, முழங்கையை மடக்கி உடம்போடு ஒட்டிப் பிடித்தாள். குனிந்தாள், நிமிர்ந்தாள், பக்கவாட்டில் திருப்பினாள். பிடிக்கு முன்னால் இருந்த மறைப்பைக் காட்டி, அது எதற்கு என்று கேட்டாள்.

"வாள் எகிறி ஆளைப் பாத்து வந்துச்சுன்னா, கை இதுல முட்டும். முட்டினதும் சங்கிலி நின்னுரும். இது இல்லாத மிஷினை நான் விக்கதே இல்ல." சொரிமுத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆமா, ஓட்டப் போறது யாரு?"

ராஜையன் பெரிய மிஷினைப் பார்த்தார். பிறகு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வாளும் கையுமாக நின்ற மனைவியைப் பார்த்தார். அவளுக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

"அவதான்" என்றார்.

பெட்ரோலையும் ஆயிலையும் வடித்துப் பெட்டியில் கட்டிக் கொடுத்ததை அவர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டார். நெடுமங்காடு தாண்டியபின் கேட்டார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"கதவைச் சாத்திச் சட்டை போட்ட அண்ணைக்கே."

"பின்ன ஏன் கேக்கல்ல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். இவ்வளவு நாளாவும்னு நினைக்கல்ல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஜெஸ்லினுக்க அப்பா, ராத்திரி வலிக்குதா?"

"வலிக்கும்" என்றார். அதைச் சொன்னதும் பெட்டியின் கனமே பாதி குறைந்ததுபோல் இருந்தது.

"நாளைக்கு அந்தத் தோளை நான் பாக்கேன். கூச்சலிடப்படாது, கேட்டியளா?"

மறுநாள் வெயில் வந்ததும் சுசீலாபாய் காதில் பஞ்சு அடைத்து, கண்ணாடி மாட்டி, அவருடைய பழைய காக்கிப் பேன்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு விளையில் இறங்கினாள். "ஆபரேஷன் தியேட்டர்ல எலும்பு அறுக்குற வாளை எத்தனை தடவை எடுத்துக் கொடுத்திருப்பேன்! இண்ணைக்குத்தான் நானே அறுக்கப் போறேன்" என்றாள். கயிறு இழுத்த இழுப்பில் எஞ்சின் உறுமியது. சிறு கொம்புகள் வெண்ணெய்போல் விழுந்தன. ராஜையன் தூரத்தில் நின்று கத்தினார். பஞ்சு அடைத்த காதில் எதுவும் ஏறவில்லை. அதனால் அவள் கண்ணுக்கு நேரே போய் நின்று, இடது கையைத் தூக்கினால் நிறுத்து, ஆட்டினால் போ என்று சைகை காட்டத் தொடங்கினார்.

தடித்த பாகத்தில் பாதி அறுத்தபோது கிளை தாழ்ந்து வாளைக் கவ்விக்கொண்டது. அவள் பலமாக இழுக்கப் போனாள். அவர் பதறி இடது கையை உயர்த்தினார்.

"எஞ்சினை ஆஃப் பண்ணு! இழுக்காத!"

கையைப் பார்த்து அவள் நிறுத்தினாள். அவர் ஒரு மரத்துண்டைக் காலால் உருட்டிக் கிளைக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். ஒரு ஆப்பைச் செதுக்கி, அறுத்த வாயில் வைத்து, இடது கையால் சுத்தியலை ஓங்கினார். முதல் அடி ஆப்பிலேயே படவில்லை.

"டிரைவருக்கு இடது பக்கம் தெரியாதோ?" என்று அவள் சிரித்தாள்.

"மிண்டாம நில்லு, பேசாத."

அடுத்தடுத்து அடித்ததில் வாய் விரிந்து வாள் விடுபட்டது. அதன்பின் முட்டுக் கொடுப்பது அவர், அறுப்பது அவள் என்று ஆனது. நடைபாதை தெளிந்தபோது இருவர்மேலும் அயனி மரத்தூள் மஞ்சளாகப் படிந்திருந்தது.

அடுத்த வீட்டு அம்மிணி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"சேச்சி, எங்க முருங்கையும் ஒண்ணு வெட்டித் தருமோ?"

சுசீலாபாய் வாய் திறப்பதற்குள் ராஜையன் முந்திக்கொண்டார். "நாளைக்குப் பாப்போம் அம்மிணி. ஆளு களைச்சுப் போச்சு. நாங்க ரெண்டு பேருமாத்தான் வருவோம்."

பிறகு அடுக்களைக்குப் போய்ப் பாலில்லாத கட்டன்சாயா போட்டு, ஒரு தம்ளரை அவளிடம் நீட்டினார். அவள் குடித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலைமுடியில் சிக்கியிருந்த மரத்தூளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டார்.