வடக்குப் பாதி

அக்கா வீடு கட்ட வாங்கிய மனையில் மண் பரிசோதனை செய்யத் தங்கைதான் போனாள். அவளுக்குத் தொழிலே அதுதான். லாரியில் பொருத்திய எந்திரம் இரும்புக் கூம்பு ஒன்றைச் சீரான வேகத்தில் களிமண்ணுக்குள் அழுத்தும். மண் எவ்வளவு எதிர்க்கிறது என்பது திரையில் கோடாக விழும்.

தெற்குப் பாதியில் ஆழம் கூடக் கூடக் கோடு மெல்ல ஏறியது. வடக்குப் பாதியிலோ எடுத்த எடுப்பிலேயே எகிறிவிட்டது. இவ்வளவு இறுக வேண்டுமானால் அந்தக் களிமண் முன்பு பெரிய பாரம் ஏதோ சுமந்திருக்க வேண்டும். கணக்குப் போட்டாள். ஏறக்குறைய ஐந்து மீட்டர் உயர மண்மேட்டின் எடை.

"காலி மனைன்னுதானே புரோக்கர் சொன்னாரு," என்றார் அக்காவின் கணவர். "உன் கூம்புலதான் ஏதோ கோளாறு."

"இருக்கலாம் மாமா."

கூம்பைக் கழுவி, இரண்டு மீட்டர் தள்ளி மறுபடி இறக்கினாள். அதே கோடு. ஆய்வுக்கூடத்துக்கு மண் அனுப்பினாள். மூன்று வாரத்தில் அங்கிருந்தும் கிட்டத்தட்ட அதே எண்தான் வந்தது.

"வீட்டை முழுசா வடக்குப் பக்கம் தள்ளிடுங்க. பாதி இங்க, பாதி அங்கன்னு நின்னா தெற்குப் பக்கம் இறங்கிடும், சுவர் பிளந்துக்கும்."

அக்கா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆறு மாதம் திருத்தித் திருத்தி வரைந்த பிளான் அது.

"எப்பவோ எதையோ சுமந்தது மண்ணுக்கு ஞாபகம் இருக்குதாம். உனக்கு என் பிறந்தநாளே ஞாபகம் இல்ல."

தங்கைக்குச் சுருக்கென்றது. போன வாரம்தான் மறந்திருந்தாள்.

கணக்கைப் பொய்யாக்கிவிடலாம் என்றுதான் மாமா மனைக்கு எதிர்வீட்டுத் தையல்காரியிடம் விசாரித்தார்.

"காலி மனையா? நல்லா சொன்னீங்க! ரோடு கான்ட்ராக்டர் ஒன்பது வருஷம் ஜல்லி குவிச்சு வெச்சிருந்தாரு. எங்க மொட்டைமாடியைவிட உயரம். ஜன்னலைத் திறந்தா தைக்கிற துணியெல்லாம் தூசி."

"மனை முழுக்கவா?"

"இல்லங்க, அந்த வடக்குப் பாதி மட்டும்தான்."

மாமா திரும்பி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், "பிளானை மாத்திடலாம்," என்றார்.

வீடு வடக்கில் எழுந்தது. அக்கா ஆசைப்பட்ட கூடம் நான்கடி குறுகிவிட்டது. குடிபுகுந்த அன்றும் அவள் தங்கையிடம் பட்டும் படாமலும்தான் பேசினாள்.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவிடமிருந்து போன் வந்தது. தெற்குப் பக்கத்தில் மேஸ்திரி தன் இஷ்டத்துக்கு மண் கொட்டி மேடாக்கிக் கட்டிய கார் ஷெட் ஒரு ஓரமாக இரண்டு விரல் இறங்கி, கதவு சாத்த முடியாமல் நின்றது.

"வீட்டுல மயிரிழை விரிசல்கூட இல்லடி," என்றாள் அக்கா. "ஷெட்டை மட்டும் என்ன பண்றதுன்னு வந்து பாரேன். மத்தியானம் இங்கயே சாப்பிடு."

தங்கை ரசமட்டத்தையும் டேப்பையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.