தங்கராசுவின் இரண்டாம் பாதி

எங்கள் பஸ்ஸில் ஒரே படம்தான் ஓடும். 'தொட்டதெல்லாம் தங்கராசு'. பென்டிரைவ் டிவியோடு இறுகிப் போய்விட்டது. பிடுங்கினால் டிவியே போய்விடும் என்று டிரைவர் சுப்புராயண்ணனுக்குப் பயம். டிவியின் சுவிட்ச் எப்போதோ உடைந்துவிட்டது. வண்டிச் சாவியைத் திருப்பினால் படம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். கள்ளக்குறிச்சியில் தங்கராசு பிறப்பான். மலையேறி, அருவி இருக்கும் கரியாலூரில் வண்டியை அணைக்கும்போது சரியாக இடைவேளை வரும்; படமும் நின்றுவிடும். திரும்பும்போது மறுபடியும் பிறப்பான். இந்த வண்டியின் கண்டக்டர் நான். என் பெண்ணின் முகத்தைவிட அவன் முகத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பாதிப் படத்தை நம்பி ஒரு மனிதர் வாழ்ந்துகொண்டிருந்தார். கரீம் பாய். சந்தைக்குச் சந்தை எங்கள் வண்டியில் ஏறி, மலையில் பிளாஸ்டிக் சாமான் விற்பவர். அதற்கு முன்னால் கள்ளக்குறிச்சியில் குடைக்கடை போட்டார்; அந்த வருஷம் மழையே இல்லை. ஃபலூடா கடை போட்டார். அந்த வருஷம் மழை விடவே இல்லை. தங்கராசுவும் அப்படித்தான், வைத்த தொழிலெல்லாம் படுத்துவிடும். கடைசியில் மலைமேல் டீக்கடை போடுவான். கூட்டம் அலைமோதும். கிளாஸைத் தூக்கிப் பிடித்து, "இதுவரைக்கும் ஊத்திக்கிச்சு, இனிமே ஊத்திக் கொடுப்பேன்!" என்பான். இடைவேளை. ஒவ்வொரு முறையும் பாய் கைதட்டுவார்.

"அய்யப்பா, அப்பறம் இன்னா ஆவுது?" என்று என்னைக் கேட்பார்.

"நல்லா போவும் பாய்" என்பேன். ஒரு கல்யாண டிரிப்பில் முழுப் படத்தையும் பார்த்த பாவி நான். திருட்டுத்தனமாக நெட்டில் படம் ஏற்றுகிறவர்கள்கூடச் சீண்டாத படம் என்பதால், அவருக்குப் போனில் தேடியும் கிடைக்கவில்லை. அந்த மட்டும் தப்பித்தோம்.

போன மாதம் ஒரு நாள், பாய் பாய்லர், கிளாஸ், ஸ்டவ் எல்லாவற்றையும் வண்டியின் கூரையில் ஏற்றினார். கரியாலூரில் டீக்கடை போடப் போகிறாராம். கூடவே அவர் மனைவி பாயிஸா அக்கா. முகம் உம்மென்று இருந்தது.

"எடத்தைப் பாத்துட்டு திரும்பிடுவேன் தம்பி" என்று அக்கா என்னிடம் சொன்னார். "இதுவும் படுத்துச்சின்னா தியாகதுருகத்துல எங்கண்ணன் மளிகைக்கடையில இவரு வெங்காயம் நிறுக்கணும். பேசி வெச்சிட்டேன்."

பாய்க்கு மச்சான் கடை என்றாலே குலை நடுங்கும். இருந்தாலும் சிரித்துக்கொண்டே, "நீ படத்தைப் பாரு பாயிஸா, அப்பறம் பேசு" என்றார்.

கரியாலூருக்கு இன்னும் கொஞ்ச தூரம். கொண்டை ஊசி வளைவில் மரவள்ளிக் கிழங்கு லாரி ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. ஏற்றத்தில் எங்கள் வண்டியை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. எனவே இன்ஜினை ஓடவிட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, சுப்புராயண்ணன் லாரிக்காரனுக்குப் புத்தி சொல்ல இறங்கிப் போய்விட்டார். இடைவேளை வந்தது. பாய் கைதட்டினார். படம் நிற்கவில்லை.

மீதிப் படம் எனக்கல்லவா தெரியும்! ஓடிப்போய் டிவிக்கு முன்னால் நின்று, "டிக்கெட், டிக்கெட்" என்றேன்.

"ஏறும்போதே வாங்கியாச்சே! நவுரு கண்டக்டரே" என்று கத்தினார் செல்லியம்மாள், மிளகு மூட்டையோடு எங்கள் வண்டியிலேயே குடியிருக்கும் மலைக்காரம்மா. "எத்தினி வருசமா பாதியே பாத்துக்கினு கெடக்கறோம்!"

பாயும் எழுந்து என் தோளைப் பிடித்து நகர்த்தினார். நகர்ந்தேன். வேறென்ன செய்வது?

தங்கராசு மச்சினனைக் கல்லாவில் உட்கார வைத்தான். மச்சினன் கல்லாப்பெட்டியோடு ஓடினான். யானை வந்து பாலைக் குடித்தது. குடித்துவிட்டுக் கடைமேலேயே உட்கார்ந்தது. தங்கராசுவின் மனைவி ஒவ்வொரு சேதாரத்துக்கும் ஒரு பாட்டு அழுதாள். தங்கராசு தாடி வளர்த்து ஒரு பாறைமேல் உட்கார்ந்தான். முற்றும்.

லாரி அப்போதுதான் வழிவிட்டது. பாயின் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அந்தப் படத்தை எடுத்தவன் கையில் கிடைத்தால் வளைவிலிருந்து உருட்டிவிட்டிருப்பேன்.

கரியாலூரில் பாய் இறங்கவில்லை. "பாய்லர் மேலயே இருக்கட்டும் அய்யப்பா" என்றார். "அப்படியே தியாகதுருகம் போயிடறோம்."

"எதுக்காம்?" என்று எகிறினார் பாயிஸா அக்கா. "அந்தத் தங்கராசு ஒரு கிறுக்கன்! யானை வர்ற எடத்துல பாலைத் தொறந்தா வெப்பாங்க? மச்சினன் திருட்டு முழி முழிக்கிறது எனக்கே தெரியிது, அவனுக்குத் தெரியல! முழுப் படத்துல பொண்டாட்டிய ஒரு வார்த்தை கேட்டானா? அவ அழுவுறா, அழுவுறா, பாட்டுதான் போடறாங்க!"

பஸ் முழுக்க அக்காவையே பார்த்தது. செல்லியம்மாள் மட்டும், "அதான கேட்டேன்" என்றார்.

பாய் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது.

"சரி. நீ சொல்லு பாயிஸா. கடைய அருவிகிட்ட போடலாமா, பஸ் நிக்கிற எடத்துலயா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படியொரு கேள்வி அக்காவிடம் வந்ததே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"பஸ் நிக்கிற எடத்துல. குளிச்சிட்டு ஈரத்தோட நடுங்கிக்கினு இங்கதான ஓடியாருவாங்க? டீயை நான் போடறேன். கல்லாவுலயும் நான்தான். நீங்க கிளாஸ் கழுவுங்க."

"சரி" என்றார் பாய். அவ்வளவு சந்தோஷமாகக் கிளாஸ் கழுவ ஒப்புக்கொண்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

கடை திறந்த அன்று முதல் டீ எனக்குத்தான் கிடைத்தது. வாயில் வைத்தால் பாயசம். "அக்கா, சர்க்கரை ஜாஸ்தி" என்றேன்.

"ஒனக்கு யாரு போட்டாங்க? குளுர்ல வர்றவங்களுக்கு அப்படித்தான் வேணும்" என்றார் அக்கா. பின்னால் ஈரத்தலையோடு நாலு பேர் கிளாஸுக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.