தெருச்சீட்டு இல்லாத தபால்காரர்

அந்த விளையாட்டை நான் முழு விலை கொடுத்து வாங்கினேன். இரவல் வாங்கவில்லை, வாடகைக்கு எடுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கம்பெனிக்காரர்களுக்கு இது மட்டும் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது.

அப்பா முப்பத்தோரு வருடம் தபால்காரராக இருந்தவர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அன்றிலிருந்து கட்டிலே கதி. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். வேலைக்குப் போய்விட்டால் மாலை வரை அவருக்குக் கூரைதான் துணை. அதனால்தான் டேப்லெட்டில் இந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். அதில் வீடு கட்டலாம், ஆட்களை உருவாக்கி வாழவைக்கலாம். அப்பாவின் நரைமீசையோடு ஓர் ஆளைச் செய்து, தோளில் பையை மாட்டினேன். பிறகு அவர் சொல்லச் சொல்ல, அவர் நடந்த தெருவை வீடு வீடாகக் கட்டினேன். மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின.

"ஒன்பதுக்கு அப்புறம் நேரா பதினொண்ணுக்குப் போகக்கூடாதும்மா. எதிர்ப்பக்கம் பத்தை முடிச்சிட்டுத்தான் வரணும். பதினொண்ணுல ஒரு நாய் இருக்கு, அதுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. கேட்டைத் தொடாம பெட்டியில போட்டுட்டு நடையைக் கட்டணும்" என்பார். கால் போகிற வரிசையில்தான் கடிதங்களையே அடுக்குவாராம்.

தினமும் காலையில் இடது கையால் அந்த ஆளைத் தெருவில் நடத்துவார். அந்த அரை மணி நேரம் அவர் முகம் நோயாளியின் முகமாக இருக்காது. அதற்காகவே நானும் அவரைச் சீக்கிரம் எழுப்பிவிடுவேன்.

போன வாரம் 'அப்டேட்' வந்தது. யாரையும் கேட்காமல் வந்தது. மறுநாள் காலை அப்பாவின் ஆள் வாசற்கதவில் முட்டிக்கொண்டு நின்றார். 'இனி தெருக்கள் எல்லாம் ஆன்லைன். வெளியே செல்ல மாதாந்திரத் தெருச்சீட்டு வாங்கவும்' என்றது திரை.

"தபால்காரன் வாசப்படி தாண்டறதுக்குக் காசு கேக்கறானா?" என்றார் அப்பா.

"அதுவும் நான் கட்டின தெருவுக்குப்பா!"

ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டித் தொலைத்தேன்.

கதவு திறந்தது. தெருவைத்தான் காணோம். ஒன்பதாம் நம்பர் இருந்த இடத்தில் முன்பின் தெரியாத யாருடைய நீச்சல்குளமோ இருந்தது. பத்தாம் நம்பரில் குளிர்பான விளம்பரம். நாய் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காசாம். அப்பாவின் ஆள் கையில் கடிதத்தோடு ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

புகார்ப் பக்கத்தில் கொட்டித் தீர்த்தேன். அரை நிமிடத்தில் பதில் வந்தது. 'உங்கள் அன்புக்கு நன்றி! பழைய தெருவை மீட்க இயலாது. புதிய அக்கம்பக்கத்தாரோடு பழகி மகிழுங்கள்! எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?'

அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் நட்சத்திரங்களுக்குக் கீழே இருந்த காலிக் கட்டத்தை இடது விரலால் காட்டினார்.

"அதுல நாம ஏதாவது எழுதலாமா?"

"எழுதலாம்ப்பா. அசிங்கமா எழுதட்டுமா?"

"வேணாம். 'வாங்க மறுத்தார்'னு எழுது."

"என்னது?"

"வேண்டாத தபாலை ஜனங்க கையில வாங்க மாட்டாங்க. நாங்க அதுமேல அப்படித்தான் எழுதி, அனுப்பினவனுக்கே திருப்பிடுவோம்."

எழுதினேன். அனுப்பும் பொத்தானை அவரே இடது கட்டைவிரலால், முத்திரை குத்துகிற வேகத்தில் அழுத்தினார். பிறகு டேப்லெட்டை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"நாளையிலிருந்து என்னைச் சீக்கிரம் எழுப்ப வேணாம்மா" என்றார்.