கடலில் களையெடுப்பு

என் சிநேகிதன் வன்னியபெருமாள் இடுப்பளவு கடலில் நின்று களை எடுத்துக்கொண்டிருந்தான். அவன் பிடுங்கி வீசியதை நான் படகுக்குள் வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் வந்தது கிழிந்த வலைகளைப் பொறுக்க. அன்றைக்கு வலை கொஞ்சம்தான் அகப்பட்டது. எப்போதும்வென்றான் கிராமத்தில் கம்பும் மிளகாயும் போடுகிற சம்சாரி, கண்ணெதிரே புல் மண்டிக் கிடந்தால் கையைக் கட்டிக்கொண்டா நிற்பான்?

"எப்பிடி வளந்து கெடக்கு பாரும் பாய். ஒருத்தனும் இதுல கைவைக்கலை. சோம்பேறிப் பயலுவ" என்றான்.

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. கோவில்பட்டியில் இரும்புக்கடை வைத்திருந்தவனுக்குப் புல்லைப் பற்றி என்ன தெரியும்?

கடையை மகன் பாரூக்கிடம் ஒப்படைத்த நாளிலிருந்து எனக்குக் கால் தரிக்கவில்லை. கல்லாவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தான். நான் எழுந்துபோய் ஆணிகளை அளவுவாரியாகப் பிரிப்பேன். பிரித்ததைக் கலந்துவிட்டு மறுபடியும் பிரிப்பேன். "வாப்பா, செத்த சும்மா இருங்களேன்" என்பான். அது எப்படி என்று அவனும் சொல்லித்தரவில்லை. கடைசியில் ஒரு பழைய பைபர் படகை வாங்கி, லோடு ஆட்டோவில் ஏற்றி, வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினேன். தெருவே சிரித்தது. ஆனால் அந்தப் படகு வாசலில் நின்றவரைக்கும் கோவில்பட்டியில் மழை விடவேயில்லை. கடல்தான் இடம் மாறிவிட்டதோ என்று மேகங்கள் குழம்பிவிட்டன. நம்பாதவர்கள் எங்கள் தெருவில் விசாரிக்கலாம். என் பெயரை மட்டும் சொல்ல வேண்டாம்.

கடல் எங்களுக்கு அப்படியொன்றும் அந்நியமில்லை. வன்னியபெருமாளின் மாமனார் ஒரு கோடையில் கரிசல் வெடிப்புக்குள் தவறவிட்ட குடையை மறுவருசம் குளத்தூர் உப்பளத்தில்தான் கண்டெடுத்தார். துணி மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது.

குளத்தூருக்குக் கிழக்கே, கடற்கரையில், நண்டு பிடிக்கிற செலஸ்டின் தன் படகுக்குப் பக்கத்தில் எங்கள் படகுக்கும் இடம் விட்டிருந்தார். வாராவாரம் போனோம். கரை பின்னால் நழுவத் தொடங்கியதும் என் கால் தானாக அடங்கிவிடும். தண்ணீர் தெளிந்திருந்தால் அடியில் நண்டு நடப்பது தெரியும். ஒருமுறை ஒரு நண்டு எங்கள் வலைக்கொக்கியைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்தது. அதன் கொடுக்கைக் கடையில் மாட்டியிருந்தால் கட்டிங் பிளேயர் என்று வாங்கிப்போயிருப்பார்கள். சும்மா சுற்றிவிட்டு வர வெட்கமாக இருந்ததால், அடியில் சிக்கிக் கிடக்கும் பழைய வலைகளை அள்ளிக்கொண்டு வருவோம். ஆமை மாட்டிக்கொள்ளாதல்லவா.

அன்றைக்குக் கரைக்கு வந்தபோது படகு நிறையப் பச்சைப் புல். ஏதோ அறுவடை முடித்தவன் மாதிரி வன்னியபெருமாள் முன்னால் நின்றுகொண்டு வந்தான்.

செலஸ்டின் படகை எட்டிப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்தார்.

"என்ன பாய் இது?"

"களை" என்றான் வன்னியபெருமாள்.

"களையா? ஓய், நீரு எந்த ஊரு கிறுக்கன்வே! நண்டு நிக்கது இதுலதான். றால் குஞ்சு பொரிக்கது இதுலதான். கடல்பசு இருக்கில்லா, ஆவுளியா, அது மேயுததும் இதைத்தான். எங்க அடுப்பையில்லா பிடுங்கிட்டு வந்திருக்கீரு!"

வன்னியபெருமாளின் முகம் கறுத்தது. தப்பென்று தெரிந்ததும் அவனுக்குக் கோபம்தான் முதலில் வரும். புல்லுக்கு அடியில் கிடந்த வலையை உருவி மணலில் எறிந்தான். ஓரத்தில் நீல நூலால் தைத்த அடையாளம் இருந்தது. அந்தக் கரையில் நீல நூலால் தைக்கிறவர் செலஸ்டின் ஒருவர்தான்.

"நாங்க புல்லைப் பிடுங்கினா கிறுக்கன். நீரு கிழிஞ்ச வலையக் கடல்ல போட்டா யாருவே?"

செலஸ்டின் வலையைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். பிறகு என்னிடம்தான் பேசினார்.

"பாய், உங்க படகை நாளைக்கு எடுத்துட்டுப் போயிருங்க."

என் கால் அங்கேயே அரிக்கத் தொடங்கியது. கல்லாவும், அதன் பின்னால் அந்த நாற்காலியும், ஆணிகளும் கண்ணுக்குள் வந்தன. படகு கோவில்பட்டிக்குத் திரும்பினால் நானும் திரும்பி வந்து உட்கார வேண்டியதுதான்.

வன்னியபெருமாள் குனிந்து ஒரு பிடி புல்லை எடுத்தான். வேரைக் கிள்ளி மோந்து பார்த்தான்.

"வேரு இன்னும் பச்சையாத்தான் இருக்கு. மிளகா நாத்தை இதைவிட வாடினப்பொறவும் நட்டிருக்கேன். பொழைச்சிருக்கு. சாக்கு இருக்கா?"

அவனே ஈரச்சாக்கை எடுத்துப் புல்லின்மேல் போர்த்தினான். கொஞ்ச நேரம் கழித்து செலஸ்டின் குடிசைப் பக்கம் போய், தேங்காய்நார்க் கயிறும் ஒரு பனைமட்டையும் கொண்டுவந்து படகில் போட்டார். மட்டையைக் கீறி முளைக்குச்சி செதுக்கத் தொடங்கினார். "புல்லு பிடிக்கட்டும். அப்பொறம் படகைப் பத்திப் பேசுவோம்" என்றார், யாரையும் பார்க்காமல். நீல நூல் வலையையும் சுருட்டித் தன் குடிசைக் கூரையில் செருகினார்.

மூவரும் திரும்பப் போனோம். தண்ணீர் வற்றி, தொடையளவுக்கு வந்திருந்தது. நான் கயிற்றில் கொத்துக்கொத்தாகப் புல்லைக் கட்டிக் கொடுத்தேன். வன்னியபெருமாள் கயிற்றை அடிமண்ணில் பாத்தி பிடித்தாற்போல் நேராக விரித்தான். செலஸ்டின் மூச்சடக்கி முங்கி முளை அடித்தார். "கோணுது, கோணுது" என்று வன்னியபெருமாள் அதட்டுவான். "மீனு வந்து நூல்பிடிச்சாவே பாக்கப்போவுது?" என்று மேலே வந்து உப்புத் தண்ணீரைத் துப்புவார் அவர். சில கொத்துகள் நட்ட கையோடு மிதந்து போயின. நான் அவற்றின் பின்னால் ஓடினேன். கடலில் ஓடுவது எப்படி என்று கேட்காதீர்கள்.

கடைசிக் கொத்தையும் நட்டு முடித்தோம். அடியில் புல் அலைக்கு இங்கிட்டும் அங்கிட்டும் சாய்ந்தது. உயிரோடு ஆடுகிறதா, சும்மா ஆடுகிறதா என்று சொல்ல முடியவில்லை. வன்னியபெருமாள் கையைக் கழுவினான். தொடையளவு தண்ணீரில் நின்றபடி, நெற்றிக்குமேல் கையை வைத்து அண்ணாந்து வானத்தைப் பார்த்தான்.

"என்னவே பாக்குதீரு?" என்றார் செலஸ்டின்.

"நட்டாச்சில்லா. மழ வருமான்னு பாக்கேன்."

செலஸ்டின் அவனைப் பார்த்தார். சுற்றிலும் கிடந்த அவ்வளவு தண்ணீரையும் பார்த்தார். பிறகு அவரும் மெல்லத் தலையை உயர்த்தினார். நானும் பார்த்தேன். வெகுதூரம் மேற்கே, கோவில்பட்டிக்கு நேர்மேலே, ஒரேயொரு துண்டு மேகம் நின்றுகொண்டிருந்தது, என் வீட்டு வாசலில் படகைத் தேடுவது மாதிரி.